மொட்டைக் கடிதமாக வரும் கன்சோல் லீக்: எந்த வரியை நம்பலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. சிப் நிறுவனத்தில் வேலை பார்ப்பதாகச் சொல்லும் பெயரில்லாத ஒருவர், சோனியின் அடுத்த பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கன்சோலின் ஸ்பெக் (உள் விவரங்கள்) கசிந்துவிட்டது என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். 54 சியூ (கிராபிக்ஸ் கணக்கைச் செய்யும் தொகுதிகள்), 3 ஜிகாஹெர்ட்ஸ் க்ளாக் வேகம், 60 டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு அத்தனை லட்சம் கோடிக் கணக்குகள்). 24 ஜிபி ஜிடிடிஆர்6 வகை மெமரி, 256 பிட் பஸ் (மெமரிக்கும் சில்லுக்கும் இடையிலான பாதையின் அகலம்), நொடிக்கு ஒரு டெராபைட் பேண்ட்வித் (அந்தப் பாதையில் போகும் தரவின் அளவு). விலை 499 டாலர், 2027 நவம்பர் இரண்டாம் வாரம் விற்பனை. இதே ஆள் பிளேஸ்டேஷன் 5 ப்ரோ விஷயத்தில் சரியாகச் சொன்னாராம். மூன்று யூடியூப் சேனல்கள் இதை உறுதியும் செய்துவிட்டனவாம். இதை நம்பி, இப்போது ப்ரோ வாங்குவதைத் தள்ளிப்போடலாமா என்று கேட்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த ஆள் நிஜமாகவே உள்ளே இருப்பவரா என்பது ஒன்று. அவர் எழுதிய வரிகளில் எவை கடைக்கு வரும் பெட்டியிலும் இருக்கும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு வெளியில் இருக்கும் யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. இரண்டாவதை வரி வரியாகச் சோதிக்க முடியும். காசு போடப் போகிறவருக்குத் தேவைப்படுவதும் அதுதான். நிஜமான ஆள் தவறாகச் சொன்னதும் உண்டு, கதை கட்டிய ஆளின் ஊகம் பலித்ததும் உண்டு. இணைய காலத்து மொட்டைக் கடிதம் இது. எழுதியவர் யார் என்று தேடுவதைவிட, எழுதியதைப் பிரித்துப் பார்ப்பது பலன் தரும்.

முதலில் கால்குலேட்டரை எடுங்கள். பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் சில்லு தரும் ஏஎம்டி நிறுவனத்தின் கிராபிக்ஸில் ஒரு சியூவுக்குள் 64 கணக்கு அலகுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு க்ளாக் துடிப்பில் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலுமாக இரண்டு செயல் செய்யும். ஆக, சியூ எண்ணிக்கை பெருக்கல் 64 பெருக்கல் 2 பெருக்கல் க்ளாக். பிளேஸ்டேஷன் 5க்குப் போட்டுப் பாருங்கள்: 36 சியூ, 2.23 ஜிகாஹெர்ட்ஸ், விடை 10.28 டெராஃப்ளாப்ஸ். எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ்: 52 சியூ, 1.825 ஜிகாஹெர்ட்ஸ், விடை 12.15. நிறுவனங்கள் சொன்ன அதே எண்கள்தான். இப்போது உங்கள் லீக்குக்கு வருவோம். 54 சியூவை 3 ஜிகாஹெர்ட்ஸில் ஓட்டினால் 20.7 டெராஃப்ளாப்ஸ் கிடைக்கும். புதிய ஏஎம்டி கட்டமைப்புகளில் ஒரே துடிப்பில் இரட்டைக் கட்டளை ஓட்டும் வசதி இருப்பதால் அதை இரட்டித்துச் சொல்பவர்கள் உண்டு. அப்படிச் சொன்னாலும் 41.5தான். அடுத்த தலைமுறையில் சியூவின் உள்ளமைப்பே மாறலாம் என்று ஒரு வாதம் வரும். மாறலாம். ஆனால் இந்த அலகுகள் வழக்கமாக இரட்டிப்பாகத்தான் வளரும்: 20.7, 41.5, 83. இந்த ஏணியில் 60 என்ற படி இல்லை. இரட்டைக் கணக்கில் 60 வேண்டுமானால் க்ளாக் 4.3 ஜிகாஹெர்ட்ஸைத் தாண்ட வேண்டும். வரவேற்பறையில் வைக்கும் பெட்டியில் அந்த வேகத்துக்கு ஆகும் மின்சாரத்தையும் சூட்டையும் யாரும் அனுமதிக்க மாட்டார்கள்.

மெமரி வரி இன்னும் சுவாரசியம். ஜிடிடிஆர் சில்லு ஒன்றுக்கு 32 பிட் அகலம். 256 பிட் பஸ் என்றால் எட்டுச் சில்லுகள். 24 ஜிபியை எட்டால் வகுத்தால் சில்லுக்கு 3 ஜிபி. ஜிடிடிஆர்6இல் புழக்கத்தில் இருப்பவை 1 ஜிபி, 2 ஜிபி சில்லுகள்தான். பலகையின் இரு பக்கமும் ஒட்டிப் பதினாறு சில்லுகளாக்கினால் தலைக்கு ஒன்றரை ஜிபி; அதுவும் கிடையாது. பேண்ட்வித்தைப் பாருங்கள்: நொடிக்கு 1024 ஜிகாபைட்டை 256 பிட்டில் தர மெமரிச் சில்லின் ஒவ்வொரு பின்னும் (இணைப்புக் கம்பி) 32 ஜிகாபிட் வேகத்தில் ஓட வேண்டும். பிளேஸ்டேஷன் 5இல் இது 14 (448 ஜிகாபைட்), ப்ரோவில் 18 (576 ஜிகாபைட்). ஜிடிடிஆர்6 முப்பத்திரண்டை எட்டாது. ஆனால் அந்த வரியில் 6 என்பதை 7 ஆக்கிப் பாருங்கள். ஜிடிடிஆர்7இல் 3 ஜிபி சில்லும் உண்டு, 32 ஜிகாபிட் வேகமும் உண்டு. எட்டு மூன்று இருபத்துநான்கு, பேண்ட்வித் துல்லியமாக 1024. எல்லாம் பூட்டும் சாவியும் போலப் பொருந்திவிடுகிறது. இதைத் தட்டச்சுப் பிழை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் நாள் முழுக்க இந்த எண்களோடு புழங்குகிறவர் ஜிடிடிஆர்6 என்று எழுதிவிட்டு ஒரு டெராபைட் என்று தொடர மாட்டார். கை அங்கேயே நின்றுவிடும். வேறு யாரோ கணக்குப் போட்டு எழுதிய பட்டியலை, பொருள் தெரியாமல் இவர் எடுத்து எழுதியிருக்கிறார் என்பதே எனக்கு வலுவாகப் படுகிறது.

ஒரு எச்சரிக்கை. கணக்கு ஒத்துவந்தால் லீக் உண்மை என்று ஆகிவிடாது. கால்குலேட்டர் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. இது சல்லடை மட்டுமே. கல்லைப் பிரிக்கும், அரிசி நல்ல அரிசியா என்று சொல்லாது. சல்லடையில் முதலிலேயே சிக்குகிறவற்றை மேற்கொண்டு பேசாமல் விட்டுவிடலாம், அவ்வளவுதான். 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்குள் இரண்டாவது கிராபிக்ஸ் சில்லு ஒளிந்திருக்கிறது, பிறகு திறந்துவிடுவார்கள் என்று ஒரு வதந்தி நெடுநாள் ஓடியது. சில்லைப் பிரித்துப் படம் எடுத்தபோது தெரிந்தது 14 சியூ. அதில் 12 பயன்பாட்டில், மீதி இரண்டு உற்பத்திக் குறைபாட்டை ஈடுகட்ட அணைத்து வைத்தவை. அதன் பிறகும் நம்பியவர்கள் நம்பிக்கொண்டுதான் இருந்தார்கள்.

சல்லடையைத் தாண்டிய லீக்கில் அடுத்துத் தேட வேண்டியது கைரேகை. அதாவது, கதை கட்டுகிறவருக்குச் சேர்க்கத் தோன்றாத, பார்ப்பவர்களுக்குச் சுவை இல்லாத ஒரு விவரம். இதற்கு நல்ல உதாரணம் 2019 கடைசியில் வெளிப்பட்ட ஏஎம்டி சோதனைத் தரவு. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் தவறுதலாகப் பொதுவில் கிடந்த அந்தக் கோப்புகளில் ஓபெரான் என்ற குறிப்பெயருடைய சில்லு இருந்தது: 36 சியூ, 2000 மெகாஹெர்ட்ஸ். பெருக்கினால் 9.2 டெராஃப்ளாப்ஸ். அந்த நேரத்தில் 13, 14 என்று பேசிக்கொண்டிருந்த ரசிகர்களுக்கு அது கசந்தது, போலி என்றார்கள். ஆனால் அதே கோப்பில் இன்னும் இரண்டு வேகங்கள் இருந்தன: 911 மெகாஹெர்ட்ஸ், 800 மெகாஹெர்ட்ஸ். பிளேஸ்டேஷன் 4 ப்ரோ ஓடுவது 911இல். பழைய பிளேஸ்டேஷன் 4 ஓடுவது 800இல், 18 சியூவோடு. புதிய சில்லு பழைய விளையாட்டுகளை ஓட்டுவதற்காகத் தன்னைச் சுருக்கிக்கொள்ளும் இரண்டு நிலைகள் அவை. பரபரப்புக்காக எழுதுகிறவர் 800 என்ற எண்ணை எழுதிவைக்க மாட்டார். அதில் பெருமை எதுவும் இல்லை. பழைய விளையாட்டுகளை ஓட்டியாக வேண்டும் என்ற கவலை உள்ள பொறியாளருக்கு மட்டுமே அது வேண்டும்.

2020 மார்ச் 18 அன்று பிளேஸ்டேஷன் 5இன் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னி காணொளி உரையில் சொன்னது 36 சியூ. அது சரி. க்ளாக் 2.0 அல்ல, 2.23 வரை. ஆக, இவ்வளவு உறுதியான ஆவணத்திலிருந்தும் ஒரு எண் நகர்ந்தது. அந்தக் கோப்பில் ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டுக் காட்சி வரையும் முறை) பற்றிய சோதனை இல்லையே, அப்படியானால் பிளேஸ்டேஷன் 5இல் அது கிடையாது என்று சிலர் முடிவுகட்டியதும் பொய்த்தது. ஆவணத்தில் இருப்பதை நம்பலாம். இல்லாததை வைத்து முடிவு செய்வது வழுக்கு மரம் ஏறுவது போல. எக்ஸ்பாக்ஸ் சில்லு அதே தரவில் 56 சியூவாக இருந்தது. விற்பனைக்கு வந்ததில் 52. இரண்டும் சரிதான்: சில்லில் இருப்பது 56, இயங்க விட்டது 52. எந்த எண்ணைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாமல்தான் பாதிச் சண்டை நடக்கிறது.

அடுத்து, இதை யாரால் பார்த்திருக்க முடியும் என்ற கேள்வி. ஒரு கன்சோல் நிறுவனத்தில் எல்லாம் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்கள் பெயரில்லாமல் பதிவு போட மாட்டார்கள். மற்றவர்களுக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். சில்லு வடிவமைப்பாளருக்குச் சியூ எண்ணிக்கை தெரியும், விலை தெரியாது. விளையாட்டு உருவாக்கும் ஸ்டூடியோவில் இருப்பவருக்குத் தன் விளையாட்டுக்கு எவ்வளவு மெமரி ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தெரியும். கடைப் பெட்டியின் உருவம் தெரியாது. தொழிற்சாலையில் பூட்டுகிறவருக்கு எடை, அளவு, பேட்டரி, நிறம், ஸ்க்ரூ எண்ணிக்கை எல்லாம் தெரியும். உள்ளே ஓடும் மென்பொருள் தெரியாது. கடைச் சங்கிலியின் கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு மாடல் எண்ணும் பெட்டி எண்ணிக்கையும் வரும். சியூ என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. உங்கள் பட்டியலில் சில்லு, மெமரி, விலை, தேதி நான்கும் ஒரே ஆள் வாயிலிருந்து வருகின்றன. இப்படி நான்கு துறைகளிலும் சமமாகத் துல்லியம் காட்டுவதுதான் முதல் சந்தேகத்துக்குக் காரணம். நிஜமான ஆளின் பதிவு ஒரு பக்கம் கனத்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். தன் மேசைக்கு வந்ததைச் சொல்வார், வராததைக் கேட்டால் தெரியாது என்பார்.

2016 நவம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட நின்டெண்டோ ஸ்விட்ச் லீக் இதற்குப் பாடப்புத்தகம் மாதிரி. எடை, அளவு, பேட்டரி 4310 மில்லிஆம்ப்-மணி என்று கைக்குச் சிக்கும் விவரங்களை அது அடுக்கியது. கன்சோல் வந்தபோது அந்தப் பேட்டரி எண் அப்படியே இருந்தது. ஆனால் அதே பதிவில் சிபியூ (மையச் செயலி) 1785 மெகாஹெர்ட்ஸ், ஜிபியூ (கிராபிக்ஸ் செயலி) 921 மெகாஹெர்ட்ஸ் என்றும் இருந்தது. அடுத்த மாதம் யூரோகேமர் என்ற விளையாட்டுச் செய்தித் தளம் வெளியிட்ட ஆவண எண்களோ சிபியூ 1020, ஜிபியூ டிவியோடு இணைக்கும் டாக்கில் 768, கையில் வைத்து ஆடும்போது 307.2. இரண்டில் ஒன்று பொய் என்று ஊரே இரண்டுபட்டது. யூரோகேமர் சொன்னதுதான் விளையாட்டுகளுக்குக் கிடைத்த வேகம். அப்படியானால் தொழிற்சாலை ஆள் கதைவிட்டாரா? இல்லை. 2019இல் வந்த 8.0 அப்டேட்டில், விளையாட்டு லோட் ஆகும் நேரத்துக்கு மட்டும் சிபியூவை ஏற்றிவிடும் வசதியை நின்டெண்டோ சேர்த்தது. அந்த வேகம் 1785 மெகாஹெர்ட்ஸ். ஆக, அந்த எண் சாதனத்துக்குள் நிஜமாகவே இருந்தது. தொழிற்சாலையில் சூடு தாங்குகிறதா என்று உச்ச வேகத்தில் ஓட்டிப் பார்த்ததை அவர் பார்த்திருக்கிறார் என்று கொள்வதுதான் பொருத்தம். கண்ணால் பார்த்தது சரி. அதுவே விளையாட்டுக்குக் கிடைக்கும் வேகம் என்று படித்தவர்கள் எடுத்துக்கொண்டது தவறு. அதன்மேல் புதுத் தலைமுறைச் சில்லு, சிறிய நானோமீட்டர் என்று மாடி மாடியாகக் கட்டினார்கள்.

அதனால் ஒரு லீக்கைப் படிக்கும்போது, பார்த்தது எது, பார்த்ததை வைத்து அனுமானித்தது எது என்று இரண்டு வண்ணப் பென்சிலால் கோடிடுங்கள். "பலகையில் எட்டு மெமரிச் சில்லு இருக்கிறது" என்பது பார்த்தது. "ஆகவே 24 ஜிபி" என்பது அனுமானம். பெரும்பாலான பதிவுகளில் இரண்டாவது வகைதான் தலைப்பாகிறது.

பார்த்த நாள் எது என்பதும் முக்கியம். வன்பொருளில் எல்லாமே ஒரே நாளில் உறைவதில்லை. முதலில் உறைவது சில்லின் உள்ளமைப்பு. அச்சுக்குப் போன பிறகு சியூ எண்ணிக்கையையோ பஸ் அகலத்தையோ மாற்றுவது கிட்டத்தட்டப் புதுச் சில்லு செய்வதற்குச் சமம். மெமரி அளவு அதற்குப் பிறகும் மாறலாம், பஸ் அகலத்தை அப்படியே வைத்து மெமரிச் சில்லின் கொள்ளளவை மாற்றினால் போதும். க்ளாக் வேகம் கடைசி மாதங்களில்கூட நகரும். பெயர், விலை, தேதி ஆகியவை அறிவிப்புக்கு முந்தைய வாரம் வரை விவாதத்தில் இருக்கும். 2013 பிப்ரவரி வரை பிளேஸ்டேஷன் 4க்கு 4 ஜிபி என்று சொன்ன லீக்குகள் எல்லாம் உண்மை பேசின. டெவலப்பர்களுக்கே அப்படித்தான் தெரிந்திருந்தது. பிப்ரவரி 20 அன்று மேடையில் 8 ஜிபி என்றபோது அவர்களில் பலரும் நம்மோடு சேர்ந்துதான் அதைக் கேட்டார்கள். அடர்த்தியான ஜிடிடிஆர்5 சில்லு சரியான நேரத்தில் கிடைத்ததால் அது நடந்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் ஜிபியூ 800இலிருந்து 853 மெகாஹெர்ட்ஸ் ஆனது 2013 ஆகஸ்டில், சிபியூ 1.6இலிருந்து 1.75 ஜிகாஹெர்ட்ஸ் ஆனது செப்டம்பரில். நவம்பர் 22 அன்று அது கடைக்கு வந்துவிட்டது.

இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமா? 2023 செப்டம்பரில், ஆக்டிவிஷனை மைக்ரோசாஃப்ட் வாங்குவது தொடர்பான அமெரிக்க வழக்கில் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் தவறுதலாக வெளியே வந்தன. பெயரில்லாத ஆளெல்லாம் இல்லை. நிறுவனமே தந்த காகிதம். அதில் புரூக்லின் என்ற குறிப்பெயரில் உருளை வடிவ எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ்: டிஸ்க் கிடையாது, 2 டெராபைட், 499 டாலர், 2024 நவம்பர். நூற்றுக்கு நூறு அசல். ஆனால் 2024இல் வந்தது பழைய பெட்டி வடிவத்திலேயே டிஸ்க் இல்லாத 1 டெராபைட் வெள்ளை மாடல். உருளை வரவே இல்லை. ஆவணம் ஒரு திட்டத்தின் புகைப்படம் மட்டுமே. திட்டம் எடுத்த அன்று அப்படி இருந்தது.

இதே உண்மையைப் போலிகளும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். சொன்னது பலிக்காதபோது "திட்டம் மாறிவிட்டது" என்பார்கள். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். பிடிக்க ஒரு வழி உண்டு: எது இன்னும் முடிவாகவில்லை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாரா? சில்லில் இருக்கும் மொத்த சியூ எண்ணிக்கை மாறியது என்று கடைசி ஆறு மாதத்தில் ஒருவர் சமாளித்தால் அவர் பொய் சொல்கிறார். க்ளாக் மாறியது என்றால் நம்ப இடமுண்டு.

மூன்று சேனல்கள் உறுதிசெய்தன என்றீர்கள். அவற்றின் முதல் காணொளியை எடுத்துத் தேதி பாருங்கள், பிறகு எண்களின் வரிசையைப் பாருங்கள். ஜிடிடிஆர்6 என்ற அந்தப் பிழை மூன்றிலும் இருந்தால், மூன்றும் ஒரே காகிதத்தைப் பார்த்து எழுதியவை. பரீட்சையில் பக்கத்து மாணவனைப் பார்த்து எழுதியதைக் கண்டுபிடிப்பது சரியான விடையால் அல்ல, ஒரே மாதிரித் தவறால்தான். 2016 மார்ச்சில் நின்டெண்டோ என்எக்ஸின் (பின்னர் ஸ்விட்ச் ஆனதன் குறிப்பெயர்) கட்டுப்பாட்டுக் கருவி என்று முட்டை வடிவ, முகம் முழுக்கத் திரையுள்ள ஒரு படம் வந்தது. சில நாளில் வேறொருவர் வேறு கோணத்தில், வேறு நிறத்தில் இன்னொரு படம் போட்டார். இரண்டு தனித்தனி சாட்சிகள் என்று இணையம் தீர்ப்பு எழுதியது. பிறகு இரண்டையும் செய்தவர்களே முன்வந்து, தாங்கள் உருவாக்கிய பொம்மை என்று காட்டினார்கள். இரண்டும் ஒத்துப்போனதற்குக் காரணம், இரண்டுக்கும் மூலம் 2015 டிசம்பரில் வெளியான ஒரே நின்டெண்டோ காப்புரிமை வரைபடம். காப்புரிமை பொதுவில் கிடக்கும் காகிதம். அதோடு ஒத்துப்போவது நம்பகத்தைக் கூட்டாது, சொல்லப்போனால் கொஞ்சம் குறைக்கும்.

உறுதிப்படுத்தல் என்றால் ஒன்றையொன்று பார்த்திருக்க முடியாத பாதைகள் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும். ஸ்விட்ச் 2 அப்படி வந்தது. 2022 தொடக்கத்தில் ஸ்விட்ச்சுக்குச் சில்லு தரும் என்விடியாவிலிருந்து திருடப்பட்ட தரவில் டி239 என்ற சில்லும் 1536 கணக்கு அலகுகளும் இருந்தன. அதே ஆண்டு லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு என்விடியா பொறியாளர்கள் அனுப்பிய நிரலில் டி239 பெயர் தென்பட்டது. 2024இல் சுங்கப் பதிவுகளிலிருந்து 12 ஜிபி மெமரியும் 256 ஜிபி சேமிப்பும் தெரியவந்தன. 2025 ஜனவரியில் துணைக்கருவி செய்யும் நிறுவனமொன்று அளவு மாதிரியையே கண்காட்சியில் வைத்தது. திருடர்கள், கெர்னல் பொறியாளர்கள், சுங்க எழுத்தர், உறை செய்கிறவர் என நால்வரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். 2025 ஜூன் 5 அன்று வந்த சாதனத்தில் 1536, 12, 256 மூன்றும் அப்படியே இருந்தன. இந்த நான்கில் எதுவுமே "நான் உள்ளே வேலை பார்க்கிறேன்" என்று தொடங்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

பெயரில்லாதவர் என்பதிலும் இரண்டு வகை உண்டு. வாசகருக்குப் பெயர் தெரியாது, ஆனால் செய்தியாளருக்குத் தெரியும் என்பது ஒரு வகை. யாருக்குமே தெரியாது என்பது இன்னொரு வகை. 2016 ஆகஸ்டில் பிரிட்டனில் ஒரு விளம்பரத் தளத்தில் மெலிந்த பிளேஸ்டேஷன் 4 விற்பனைக்கு வந்தபோது படங்களை வைத்து யாராலும் முடிவுக்கு வர முடியவில்லை. யூரோகேமர் ஆள் நேரில் போய், அதை இயக்கிப் பார்த்து, பழைய கன்சோலோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். அத்தோடு விவாதம் முடிந்தது; செப்டம்பர் 7 அன்று சோனி அறிவித்தது. யாரோ ஒருவர் தன் பெயரைப் பணயம் வைத்துச் சரிபார்த்த பதிவுக்கும், யாரும் பொறுப்பேற்காத பதிவுக்கும் ஒரே எடை போடாதீர்கள்.

ப்ரோ விஷயத்தில் சரியாகச் சொன்னார் என்ற வாதத்துக்கு வருகிறேன். அவர் அதைச் சொன்ன பதிவைத் தேடி, தேதியைப் பாருங்கள். பிளேஸ்டேஷன் 5 ப்ரோவின் விவரங்கள் 2024 மார்ச்சிலேயே பரவலாக வெளிவந்துவிட்டன. காணொளி போட்ட சேனல் ஒன்றின் மேல் சோனி பதிப்புரிமைப் புகார் கொடுத்ததால் அவை இன்னும் பரவின. செப்டம்பர் 10 அன்றுதான் அறிவிப்பு. இடையில் இருந்த ஆறு மாதத்தில் யார் சொன்னாலும் சரியாகத்தான் இருந்திருக்கும். மார்ச்சுக்கு முன் சொன்னாரா என்பதே கேள்வி. பிறகு, பதிவு திருத்தப்பட்டதா என்று பாருங்கள். இணைய ஆவணக் காப்பகத்தில் பழைய நகல் இருக்கிறதா என்று தேடுங்கள். பத்து இணையக் கணக்குகளில் பத்து விதமாக எழுதி, பலித்ததை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழிப்பது மிகப் பழைய தந்திரம். சிலர் முன்கூட்டியே ஷா-256 குறியீட்டை (ஒரு வாசகத்திலிருந்து கணக்கிடும், ஆனால் வாசகத்தைக் காட்டிக்கொடுக்காத எண்) போட்டு, பிறகு மூல வாசகத்தைக் காட்டி நிரூபிப்பார்கள். பார்க்க விஞ்ஞானமாக இருக்கும். ஆனால் முப்பது குறியீடு போட்டுவிட்டு ஒன்றை மட்டும் திறந்தால் அதுவும் அதே தந்திரம்தான். எத்தனை குறியீடு திறக்கப்படாமல் கிடக்கிறது என்று எண்ணுங்கள். எளிதாக ஊகிக்கக்கூடியவற்றைக் கழித்துவிடுங்கள்: கன்சோல் நவம்பரில் வரும், ஏஎம்டி சில்லு இருக்கும், பழைய விளையாட்டு ஓடும் என்பதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது.

அந்தப் பதிப்புரிமைப் புகார் பற்றி ஒரு வார்த்தை. நிறுவனம் ஒரு பதிவை நீக்கச் சொன்னால், அதில் தனக்குச் சொந்தமான ஏதோ இருந்தது என்று பொருள். பதிவில் இருந்த எல்லாமே சரி என்று பொருள் அல்ல. ப்ரோ ஆவணத்தில் இருந்த 45 விழுக்காடு கூடுதல் வேகமும் 576 ஜிகாபைட் பேண்ட்வித்தும் அப்படியே நின்றன. 33.5 டெராஃப்ளாப்ஸ் என்பதும் இருந்தது. சோனி பின்னர் தந்த எண் 16.7. பாதி. பொய் அல்ல, மேலே சொன்ன இரட்டைக் கட்டளைக் கணக்கு. 60 சியூ, ஏறத்தாழ 2.18 ஜிகாஹெர்ட்ஸ் என்று போட்டுப் பாருங்கள், இரண்டு எண்ணும் வந்துவிடும்.

படங்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டெவ்கிட் (விளையாட்டு உருவாக்குகிறவர்களுக்கு முன்கூட்டியே தரும் பெட்டி) படம் கடைப் பெட்டியின் படம் அல்ல. 2019இல் பிரேசில் காப்புரிமை அலுவலகம் வழியாக வந்த வி வடிவப் பெட்டி நிஜமான பிளேஸ்டேஷன் 5 டெவ்கிட்தான், ஆனால் கடைக்கு வந்ததற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மங்கலான படம் என்பதற்காகச் சந்தேகப்படாதீர்கள். உள் ஆவணங்களில் ஆளுக்கு ஒரு மறைகுறி வைத்துத் தருவதுண்டு என்பதால் நிஜமான ஆள் படத்தை மங்கலாக்குவார், சில சமயம் எண்களையே லேசாக மாற்றிச் சொல்வார். ஆக, மங்கல் எந்தப் பக்கத்துக்கும் சாட்சி இல்லை.

இனி உங்கள் பட்டியல். 60 டெராஃப்ளாப்ஸ் வரியை அடித்துவிடுங்கள், அது தன் பக்கத்து வரியோடேயே முரண்படுகிறது. ஜிடிடிஆர்6 வரியும் அப்படியே. 24 ஜிபி, 256 பிட், ஒரு டெராபைட் ஆகிய மூன்றும் ஜிடிடிஆர்7 என்ற நிபந்தனையோடு சாத்தியம். சாத்தியம் என்பதற்கு மேல் இந்தப் பதிவிலிருந்து எதுவும் பெற முடியாது. 54 சியூ என்பதைச் சரி என்றும் சொல்ல முடியாது, தவறு என்றும் சொல்ல முடியாது. அதற்குக் கைரேகை எதுவும் இல்லை. விலையும் தேதியும் பற்றி இந்த முறைகள் எதுவும் உதவாது. நிறுவனத்துக்குள்ளேயே அவை முடிவாகாத நிலையில், உண்மையான ஆள் சொன்னாலும் அவை ஊகமே. அவற்றை நம்பி ப்ரோ வாங்குவதைத் தள்ளிப்போட வேண்டாம். வாங்க வேறு காரணம் இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இந்தப் பதிவு இரண்டு பக்கமும் எடை கூட்டவில்லை.

காத்திருக்கத்தான் போகிறீர்கள் என்றால் பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. ஏஎம்டி பொறியாளர்கள் பொதுவில் போடும் நிரல் மாற்றங்கள், சுங்கப் பதிவுகள், பிறகு வானொலி அலைவரிசைச் சான்று. வைஃபை உள்ள எந்தச் சாதனமும் அமெரிக்காவில் எஃப்சிசி (தகவல் தொடர்பு ஆணையம்) சான்று இல்லாமல் விற்பனைக்குப் போக முடியாது. படங்களைச் சில மாதங்கள் மறைத்துவைக்க அனுமதி உண்டு. ஆனால் மாடல் எண், அலைவரிசை, லேபிள் ஒட்டும் இடம் போன்றவை அதற்கு முன்பே தெரிந்துவிடும். லேபிள் வரைபடத்திலிருந்து பெட்டியின் விளிம்பைக் கூட்டிக் கணக்கிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சான்று வெளிவரும் கட்டத்தில் பெயரில்லாத ஆட்கள் யாரும் தேவைப்பட மாட்டார்கள்.